கொப்பி அண்ணையின் இரண்டு வாக்குகள்

சுவிற்சர்லாந்தில் ஒரு சட்டம் இயற்றப்படுவதற்கு முன்பே அதை மீறிவிட்டோமோ என்று பயந்த ஒரே மனிதர் கொப்பி அண்ணைதான்.

எம்மன்புரூக்கேயில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார். சொந்தப் பெயர் வேறு. அது அழைப்பு மணிக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது, ஆனால் பாதிதான். "முழுப் பேரையும் என்னத்துக்கு றோட்டுக்குக் காட்டுவான், தங்கச்சி? தேவையான ஆக்கள் பாதியிலயே பிடிச்சுக்கொள்ளுவினம்" என்பார்.

கையில் வருகிற எந்தக் கடதாசியையும் மூன்று கொப்பி எடுக்காமல் அவர் வெளியே விடமாட்டார். ஒன்று வீட்டில். ஒன்று கட்டடத்துக்குக் கீழே அவருக்கென்று இருந்த நிலவறையில். மூன்றாவது, இரண்டாம் மாடியில் என்னிடம். வீடு எரிந்தால் நிலவறை இருக்கும், நிலவறைக்குள் வெள்ளம் வந்தால் நான் இருப்பேன் என்பது கணக்கு. என்னை ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ ஒருத்தரோடயும் கதைக்கமாட்டாய்."

உண்மைதான். நான் ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற பகுதியில் வேலை செய்கிறேன். படுக்கை விரிப்புகள் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம். கடையில் வரிசையில் நிற்கும்போது பின்னால் நிற்பவர் பேச்சுத் தொடங்கப்போகிறார் போலிருந்தால் அவரை முன்னுக்கு விட்டுவிடுவேன். அப்படிப்பட்ட என்னுடைய அலுமாரியின் அடியில், நான்கு வாழைப்பழப் பெட்டிகளில் கொப்பி அண்ணையின் வாழ்க்கை இருந்தது. பஸ் பாஸ், பல் வைத்தியரின் சந்திப்பு அட்டை, மகள் ஆறாம் வகுப்பில் வாங்கிய நீச்சல் சான்றிதழ், எல்லாம். கொப்பி எடுத்த கடையின் ரசீதுகூட இருந்தது. அதற்கும் கொப்பி.

இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. அவர் அகதியாக அலைந்த காலத்தில் ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு அலுவலகம் அவருடைய பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியை வாங்கித் தொலைத்துவிட்டது. "பதினொரு வருசம், தங்கச்சி. பதினொரு வருசம் நான் பிறக்கேல்லை." அன்றிலிருந்து அவருக்கு ஒரே விதி. ஒரிஜினலைக் கையை விட்டுக் கொடுக்கக்கூடாது. யார் கேட்டாலும் கொப்பிதான். ஒரிஜினலில் ஒரு கோடுகூடக் கீறக்கூடாது.

எங்கள் கட்டடத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். பருத்த சுவிஸ்காரர். ஒருநாள் காலை அவர் கொப்பி அண்ணைக்குச் சிரிக்காமல் வணக்கம் சொல்லிவிட்டார். அண்ணை மூன்று நாள் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஒரு தட்டு வடையோடு போய் மன்னிப்புக் கேட்டார்.

"என்னத்துக்கு அண்ணை மன்னிப்பு?"

"தெரியேல்லை. அதுதான் பொதுவாக் கேட்டன்."

அந்தச் சுவிஸ்காரருக்கு வடை பிடித்துப்போயிற்று. அதன் பிறகு மாதத்தில் ஒருநாள் அவர் வேண்டுமென்றே முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு வணக்கம் சொல்வார். மறுநாள் வடை போகும்.

பழைய பத்திரிகைகளைக் கட்டி மறுசுழற்சி லொறிக்கு வாசலில் வைக்கிற நாள் வந்தால் இன்னும் மோசம். ஒருமுறை நைலோன் கயிற்றால் கட்டிவிட்டார். பருத்திக் கயிறுதான் சரி என்று யாரோ சொன்னதும், ஏற்றிக்கொண்டு போன லொறியைத் துரத்தி ஓடித் தன் கட்டைத் திரும்பக் கேட்டு வாங்கி வந்தார். லொறிக்காரன் பயந்துபோனான். இருவரும் பயந்தபடி ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டதை நான் யன்னலால் பார்த்தேன்.

இப்படிப்பட்ட மனிதரிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தது என்பதுதான் அதிசயம். இளவயதில் லண்டனில் இருந்தவர். அவரும் மனைவி சரசக்காவும் அங்கேதான் குடியுரிமை எடுத்தார்கள். பிறகு சரசக்காவின் தம்பி இங்கே கடை திறக்க, உதவிக்கு என்று வந்து, அப்படியே தங்கிவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல். வந்த நாளிலிருந்து கொப்பி அண்ணை சுவிஸ் எல்லையைத் தாண்டவில்லை. வதிவிட அனுமதி பெற்றவர் நீண்ட காலம் நாட்டில் இல்லாவிட்டால் அனுமதி போய்விடும் என்று ஒரு கடிதத்தில் வாசித்திருந்தார். நீண்ட காலம் என்றால் எவ்வளவு என்றும் அதிலேயே எழுதியிருந்தது. "அதை ஆர் எண்ணுறது? அவங்கள்தானே எண்ணுறது. பிழையா எண்ணினா?"

மகள் தனுஷா தாதியாகப் படிக்க இங்கிலாந்து போய், லெஸ்டரில் வேலையும் எடுத்துவிட்டாள். யாழ்ப்பாணத்தில் ஒரு பொடியனை விரும்பினாள். கலியாணமும் யாழ்ப்பாணத்தில். சரசக்கா போனார். அண்ணை போகவில்லை. கோட் சூட் போட்டுக்கொண்டு எம்மன்புரூக்கேயில் கதிரையில் இருந்து வீடியோவில் பார்த்தார். தாலி கட்டும் நேரம் எழும்பி நின்று ஆசீர்வதித்து அறுகரிசி போட்டார், போனின் மேல். பிறகு நானும் அவரும் போனின் சார்ஜர் துளைக்குள் போன அரிசியை ஊசியால் எடுத்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளை இங்கிலாந்து வருவதற்கு விசா கேட்டு ஒரு வருடமாயிற்று. வெளிநாட்டிலிருந்து கணவனை அழைப்பதென்றால் மனைவிக்கு இவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும் என்ற வரம்பை அங்கே உயர்த்திவிட்டார்கள். தனுஷா இதற்கிடையில் லீவில் யாழ்ப்பாணம் போய்வந்து பிள்ளை உண்டாகி, முடியாமல் வேலை நேரத்தைக் குறைத்திருந்தாள். நேரம் குறைந்தால் சம்பளம் குறையும். சம்பளம் குறைந்தால் கணவன் வரமாட்டான். கணவன் வராவிட்டால் பிள்ளைப்பேற்றுக்கு ஆளில்லை. கொப்பி அண்ணை இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். என் பெட்டியில் அதன் கொப்பி இருக்கிறது.

அந்த நேரம்தான் இங்கிலாந்தில் பொதுத் தேர்தல் வந்தது. நாட்டைவிட்டுப் போய்ப் பல வருடமானவர்களுக்கு முன்பு வாக்கு இல்லை. இப்போது சட்டம் மாறி உண்டு என்று சொல்லி, தனுஷா பெற்றோர் இருவரையும் பதியவைத்திருந்தாள். பதிந்த நாளிலிருந்து வாக்குச்சீட்டு வராது என்ற நம்பிக்கையில்தான் அண்ணை உயிரோடு இருந்தார். தேர்தலுக்குப் பத்து நாளிருக்க, ஒரு திங்கட்கிழமை, இரண்டு உறைகள் வந்தன.

"கண்டுபிடிச்சிட்டாங்கள்" என்றார் அண்ணை.

மறுநாள் கீழே உள்ள சலவை அறையில் என்னுடைய முறை. எங்கள் கட்டடத்தில் எட்டு வீட்டுக்கும் ஒரு சலவை இயந்திரம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். நான் துணியைப் போட்டுக்கொண்டிருக்க, அண்ணையும் சரசக்காவும் உறைகளோடு இறங்கி வந்தார்கள்.

"தங்கச்சி, மெசினை ஓடவிடு. வீட்டில கதைக்கேலாது. போன் கேட்டுக்கொண்டிருக்கும்."

ஓடவிட்டேன். ஆனால் இயந்திரம் சுழலும் சத்தத்தில் அவர்களுக்கே ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. கத்தினார்கள். ரகசியம் பேச வந்தவர்களின் குரல் நான்காம் மாடிவரை கேட்டது. தமிழ் தெரியாத கட்டடம் என்பதால் பிரித்தானியாவின் தேர்தல் தப்பியது.

"நீலக் கட்சி திரும்ப வந்தா மருமகன் வரமாட்டான்!" என்று கத்தினார் சரசக்கா.

"சிவப்பு வந்தா வருவான் எண்டு எங்க எழுதிக் கிடக்கு? நான் எல்லாத்தையும் வாசிச்சிட்டன். நீலம் கதவைப் பூட்டினது. சிவப்பு பூட்டின்ர திறப்பைக் கேக்குது. திறப்பன் எண்டு ஒரு இடத்திலயும் சொல்லேல்லை."

"திறப்பு உள்ளவனிட்டத்தானே போய்க் கேக்கலாம்?"

"அவன் கோவிச்சா?"

"ஏன் கோவிக்கிறான்? நாங்கள் வாக்குச்சீட்டில அவனுக்குப் புள்ளடி போட்டிருக்கிறமே!"

"அப்ப மற்றவன் கோவிப்பான்!"

அண்ணை கொஞ்ச நேரம் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் சுழல்கிற என் துணிகளையே பார்த்தார். பிறகு முழுக் குரலில் சொன்னார். "சரசு, நீர் சிவப்புக்குப் போடும். நான் நீலத்துக்குப் போடுறன்!"

சரியாக அந்த இடத்தில் இயந்திரம் நின்றது.

அந்த அமைதியில் சரசக்கா கேட்டார், மெதுவாக. "என்ன சொன்னீங்கள்?"

"ஆர் வெண்டாலும் எங்கட வீட்டில ஒராள் அவையின்ர பக்கம் நிக்கும். பிறகு பிள்ளையின்ர பைலை எடுத்துப் பாக்கேக்க, இது எங்கட ஆளின்ர பிள்ளையல்லோ எண்டு..."

"அண்ணை, அது ரகசிய வாக்கு" என்றேன் நான், துணிகளைப் பார்த்துக்கொண்டு.

"ரகசியமோ? பிறந்த திகதி எழுதி, கையெழுத்து வைச்சு, வாக்குச்சீட்டோட சேத்து ஒரே உறையில அனுப்பு எண்டு கேக்கிறாங்கள். இதில எந்த மூலையில தங்கச்சி ரகசியம் கிடக்கு?"

சரசக்கா விடவில்லை. "என்ர பிள்ளை வயித்தில பிள்ளையோட தனியக் கிடக்கிறாள். அவளின்ர புருசனை மறிச்சவைக்கு என்ர வீட்டில இருந்து ஒரு புள்ளடி போகுமோ? போகட்டும் பாப்பம்!"

அண்ணை உறைகளை எடுத்துக்கொண்டு படியேறினார். ஒவ்வொரு படியிலும் ஒருமுறை நின்றார்.

அவர் போன பிறகு சரசக்கா ஈரத் துணிகளை எனக்குப் பிழிந்து தந்துகொண்டே ஒரு கதை சொன்னார். கொப்பி அண்ணை வாழ்க்கையில் ஒரே ஒருதரம் வாக்குப் போட்டிருக்கிறார். ஊரில், இருபத்தொரு வயதில். வாக்குப் போட்டால் விரலில் மை பூசுவார்கள். அந்தப் போர்க்காலத்தில், விரலில் மை இருந்தால் ஏன் போட்டாய் என்று கேட்க ஒரு பகுதி நின்றது. மை இல்லாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்க மற்றப் பகுதி நின்றது. அண்ணை புத்திசாலித்தனமாக விரலுக்குப் பஞ்சு சுற்றித் துணி கட்டிக்கொண்டார். வீதியில் முதல் சோதனை மறிப்பில், கட்டை அவிழ் என்றார்கள். யாரோ ஒரு கிழவர் இடையில் புகுந்து கதைத்து விடுவித்தார். வீட்டுக்கு வந்த அண்ணை சவர அலகை எடுத்து, மை இருந்த விரலை உண்மையாகவே வெட்டிக்கொண்டார். அடுத்த மறிப்பில் அவிழ்க்கச் சொன்னால் காட்டுவதற்குக் காயம் வேண்டுமே.

"அதுக்குப் பிறகு இந்த மனிசன் ஒரு பக்கமா நிண்டதில்லை" என்றார் சரசக்கா. "ரெண்டு பக்கமும் சிரிக்கும். அதால நாங்கள் தப்பி வந்தனாங்கள். அதையும் சொல்லவேணும்."

புதன் அவர்களுடைய சலவை நாள். வியாழன் கீழ் வீட்டுப் போர்த்துக்கீசப் பெண்ணுடையது. அண்ணை அவளிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வந்தார். இரண்டு நாளும் இயந்திரம் சும்மா சுழன்றது, வாக்குவாதமும் சுழன்றது. வெள்ளிக்கிழமை சரசக்கா களைத்துவிட்டார். "போடுங்கோ. எங்க வேணுமெண்டாலும் போடுங்கோ. எனக்குக் காட்டாதேங்கோ."

சனிக்கிழமை பின்னேரம் அண்ணை என் கதவைத் தட்டினார். முகத்தில் இரண்டு வருடமாக நான் பார்க்காத ஒரு தெளிவு.

"போட்டாச்சு, தங்கச்சி. பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில மஞ்சள் தபால் பெட்டி. இந்தா, உன்ர பங்கு." மூன்றாவது கொப்பிகளைத் தந்தார். உறையின் முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்துப் பத்திரம், எல்லாவற்றுக்கும் கொப்பி. பிறகு தன் கோப்பைத் திறந்து காட்டினார். அதில் இரண்டு வாக்குச்சீட்டுகள், தடித்த தாளில், ஒரு கீறல் இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தன.

"ஒரிஜினல் என்னட்டப் பத்திரமாக் கிடக்கு. கலர்க் கொப்பி எடுத்து அதிலதான் புள்ளடி போட்டு அனுப்பினனான்."

நான் அந்த வெள்ளைச் சீட்டுகளைத் திரும்பவும் பார்த்தேன்.

நான் சுவிஸ் குடியுரிமை எடுத்தவள். வருடத்தில் சில தடவை எனக்கும் வாக்குச்சீட்டு வரும். கொப்பியில் போட்டால் செல்லாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எதிரே நிற்பது கொப்பி அண்ணை. லண்டனில் இருந்தவர், எல்லாப் பத்திரத்தையும் மூன்றுதரம் வாசிக்கிறவர், தெரியாமல் செய்வாரா? நான் ஓஎல் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள், எனக்கென்ன தெரியும்? "சரி அண்ணை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு படியேறினார். வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட எத்தனையோ சந்தர்ப்பங்களில், வெட்கப்பட்டதற்காகவே இன்றும் வெட்கப்படுகிற ஒன்று அந்தச் "சரி அண்ணை".

ஞாயிறு முழுக்க வேலையில் விரிப்புகளை மடித்து மடித்துத் திரும்ப விரித்தேன். பின்னேரம் வந்து சரசக்காவைக் கூப்பிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சரசக்கா என்னை ஏசவில்லை. நேரே மாடிக்குப் போனார். இரண்டு நிமிடத்தில் அண்ணை இறங்கி வந்தார்.

"வாக்குச்சீட்டைக் கொப்பி அடிச்சவன் எண்டு வருமே, தங்கச்சி. காசைக் கொப்பி அடிக்கிறது மாதிரி. என்ர கையெழுத்தோட, என்ர பிறந்த திகதியோட போகுது. கள்ள வாக்குப் போட்டவனின்ர மருமகனுக்கு ஆர் விசா குடுப்பான்?"

"ஒரிஜினல் இருக்குத்தானே அண்ணை, அதை நிரப்பி..."

"அப்ப ஒராளுக்கு ரெண்டு வாக்கு! அது இன்னும் பெரிய கேஸ்!"

அந்தப் பெட்டியில் சனி மத்தியானத்துக்குப் பிறகு போட்ட கடிதங்களைத் திங்கள் பின்னேரம்தான் எடுப்பார்கள் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. திங்கள் விடிய ஆறு மணிக்கே அண்ணை மழை உடுப்போடு மஞ்சள் பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். நான் வேலைக்குப் போகும்போது நின்றார். திரும்பி வரும்போதும் நின்றார். யாராவது கடிதம் போட வந்தால் விலகி, தலை குனிந்து, போட்டு முடிந்ததும் திரும்ப வந்து நின்றார். நாயோடு வந்த ஒரு சுவிஸ் கிழவி பெட்டி பழுதோ என்று கேட்டாள். "இல்லை, எல்லாம் நல்லது" என்று அண்ணை ஜெர்மன் மொழியில் சொன்ன விதத்தைப் பார்த்து, எதுவோ சரியில்லை என்று அவளும் பக்கத்தில் நின்றுவிட்டாள். நாயும்.

தபால் வாகனம் வந்தது. ஓட்டி வந்தவள் ஒரு இளம் பெண். அண்ணை சொன்னதைக் கேட்டுவிட்டு, பெட்டியிலிருந்து எதையும் எடுத்துத் தர முடியாது, அனுப்பியவர் நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் அவர் பிறந்தார் போலிருந்தது. மழை உடுப்புக்குள்ளிருந்து கோப்பு வந்தது. உறையின் முன்பக்கக் கொப்பி. பின்பக்கக் கொப்பி. ஒட்டுவதற்கு முன், ஒட்டியதற்குப் பின். மூலையில் தேநீர்க் கறை பட்டிருந்ததால் அந்த மூலைக்குத் தனியாக ஒரு கொப்பி. அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிரிக்கக்கூடாது என்று அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. இரண்டு உறைகளையும் தேடி எடுத்துப் புறம்பாக வைத்து, நாளைக் காலை தபால் நிலையத்தில் படிவம் நிரப்பி வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். கிழவி கை தட்டினாள்.

செவ்வாய் காலை உறைகள் திரும்பி வந்தன. கொப்பிகளை அண்ணை சின்னத் துண்டுகளாகக் கிழித்து மாவைப்போல் ஆக்கினார். வெள்ளைச் சீட்டுகள் இரண்டும் மேசையில் கிடந்தன. தேர்தல் வியாழக்கிழமை.

"இனித் தபால் போய்ச் சேராது" என்றார் சரசக்கா.

"ஓம், சேராது." அண்ணையின் குரலில் ஒரு நிம்மதி கேட்டதாக நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த நிம்மதியில்தான் அவர் ஒரு பிழை விட்டார். பழக்கதோசத்தில், சீட்டோடு வந்த அறிவுறுத்தலைச் சத்தமாக வாசித்தார். தபாலில் அனுப்பத் தவறியவர்கள் தேர்தல் நாளன்று தங்கள் தொகுதியின் வாக்குச் சாவடியில் நேரே ஒப்படைக்கலாம் என்று அதில் இருந்தது. வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று அவருக்கு விளங்கியது.

சரசக்கா எழும்பி அறைக்குள் போய்ப் பயணப் பையை எடுத்தார்.

"சரசு, இஞ்ச பாரும். விசர் வேலை பாக்காதையும்."

"நான் என்ர பிள்ளையைப் பாக்கப் போறன். வாக்கும் கொண்டுபோறன். நீங்கள் வந்தா வாங்கோ, வராட்டி உங்கட வாக்கைத் தாங்கோ, கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"ஒரிஜினலை உம்மட்டத் தாறதோ?"

அதைத்தான் அவர் சொன்னார். ஒரிஜினலைக் கையை விடாத மனிதர் அதோடு சேர்ந்து தானும் போகவேண்டியதாயிற்று.

புதன்கிழமை நான் வேலைக்கு லீவு போட்டு சூரிச் விமான நிலையம்வரை அவர்களோடு போனேன். ரயிலில் அண்ணை கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சோதனைப் பகுதிக்குள் போகிற வாசலில் சரசக்கா முன்னாலேயே உள்ளே போய்விட்டார். அண்ணை நான்கு அடி போவார், திரும்பி வருவார்.

"தங்கச்சி, என்னைத் திரும்ப விடாட்டி?"

"விடுவாங்கள் அண்ணை."

போவார். வருவார்.

"அங்க உள்ளுக்கு விடாட்டி?"

"பாஸ்போட் இருக்கு அண்ணை."

மூன்றாவது தடவை வந்து நின்றார். என் முகத்தையே பார்த்தார். இருபது வருடத்துக்கு மேலாக அடக்கி வைத்திருந்த எல்லாம் அந்தக் கண்ணில் இருந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

"போங்கோ அண்ணை!" என்று கத்தினேன்.

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு காவலர்கூட. என் காது சுட்டது. அண்ணை திடுக்கிட்டு, யாரோ அதிகாரி கட்டளையிட்டது போல விறுவிறு என்று உள்ளே போய்விட்டார்.

மிச்சத்தைச் சரசக்கா போனில் சொன்னார். விமானத்தில், சாப்பாடு வைக்கிற சின்னப் பலகையில் வைத்துத்தான் சீட்டை நிரப்பினார்களாம். சரசக்கா தன்னுடையதைப் போட்டு மடித்தார். அண்ணை நெடுநேரம் பேனையைப் பிடித்தபடி யன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்தார். பிறகு, "நீர் எங்க போட்டனீர்?" என்று கேட்டார்.

"ஏன், மற்றப் பக்கம் போடவோ?"

"காட்டும்."

காட்டினார். அண்ணை அதே இடத்தில் தன்னுடைய புள்ளடியைப் போட்டார். பேனை கிழித்துவிடும் போல அழுத்திப் போட்டாராம்.

லண்டனில் அவர்கள் முன்பு இருந்த தொகுதியின் வாக்குச் சாவடி ஒரு தேவாலயத்து மண்டபம். ஒப்படைக்கிறவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அண்ணை உறைகளை நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்ததைக் கண்ட அதிகாரி, உங்களுக்குச் சுகமில்லையா ஐயா என்று கேட்டார். "என்னட்ட ரெண்டு வாக்கு இருக்கு, ஆனா ஒண்டு மனிசியின்ர" என்று அண்ணை ஆங்கிலத்தில் சத்தியம் செய்தார். அவர் சிரித்து வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். யாரும் விரலைக் காட்டச் சொல்லவில்லை.

வெளியே வந்தால், லெஸ்டரிலிருந்து ரயில் ஏறி வந்த தனுஷா மதிலோடு சாய்ந்து நிற்கிறாள். வீடியோவில் எப்போதும் முகம்தான் தெரியும். வயிறு தெரியாது. கால் வீங்கிச் சப்பாத்துப் போட முடியாமல் செருப்போடு நிற்பதும் தெரியாது. அண்ணை வயிற்றைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை உனக்குச் சாமான் தூக்கித் தாறது?"

"நான்தான் அப்பா."

திரும்புவதற்குச் சனிக்கிழமை டிக்கெட் இருந்தது. அவர்கள் வரவில்லை.

ஆட்சி மாறியது. மருமகனின் பைல் மாறவில்லை. அது இன்னும் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. பிள்ளை பிறந்த நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றது கொப்பி அண்ணைதான். யாழ்ப்பாணத்தில் இருந்த தகப்பன் முதல்முதல் தன் மகனைக் கண்டது அண்ணை பிடித்திருந்த போனில். போன் ஆடி ஆடி ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை என்று மருமகன் பிறகு சொன்னானாம்.

எத்தனை மாதம் வெளியே நின்றால் சுவிஸ் அனுமதி போகும் என்று இந்த உலகத்தில் அண்ணையைவிட நன்றாகத் தெரிந்தவர் எவரும் இல்லை. அந்த நாள் வர இரண்டு கிழமை இருக்க, நான் என் வெட்கத்தை விட்டு நானாகவே அழைத்தேன்.

"அண்ணை, திகதி வருது. ஒருக்கா வந்திட்டுப் போனாலும் காணும்."

"இவன் இப்ப என்ர தோளில மட்டும்தான் நித்திரை கொள்ளுறான், தங்கச்சி. இறக்கினா எழும்பிடுவான்." குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தார். "போகட்டும் விடு."

அந்தத் திகதி வந்தது, போனது. நான் அன்று வேலையில் விரிப்புகளை மடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். மருமகனுக்கு விசா வருமா, இனி அண்ணையை யார் எந்த எல்லையில் மறிப்பார்கள், லெஸ்டரில் மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சரியாகப் பார்த்துக் கடக்கிறாரா என்றெல்லாம் ஒவ்வொன்றாக எனக்குள் வந்தது. அவருக்கு இப்போது நேரமில்லை, கையில் பிள்ளை இருக்கிறது. அதனால் அவருக்காக நான் பயந்துகொண்டிருக்கிறேன்.